ஓர் உறையில் மூன்று கத்தி

ஓரகத்திக்கும் எனக்கும் அடுப்படியில் ஏதோ உரசல். காரணம் இப்போது நினைவில்லை. "ஓர் உறையில ரெண்டு கத்தி இருக்க முடியாதுன்னு எங்க ஊர்ல சொல்வாங்க, புவா" என்று மாமனாரிடம் எனக்கு வந்த நேபாளியில் சொல்லி வைத்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த தன் பட்டாளத்துக் குக்குரியை எடுத்து வந்தார். பெரிய கத்தியை உருவி மேசைமேல் வைத்தார். உறையைத் திருப்பி, அதன் பின்பக்கத்திலிருந்த இரண்டு சிறு பைகளிலிருந்து, ஒரு சாண்கூட இல்லாத இரண்டு குட்டிக் கத்திகளை எடுத்துப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். "தீன்வடா" என்றார். மூன்று. அத்தோடு என் பழமொழி முடிந்தது.

நான் பிறந்தது மதுரைப் பக்கம். சென்னையில் படிக்க வந்த ஒரு ராய் இனத்துப் பையனைக் கட்டிக்கொண்டு கிழக்கு நேபாளத்தின் தரானுக்கு வந்து 17 ஆண்டு ஆகிறது. சமவெளி முடிந்து மலை எழும்பும் இடத்தில் இருக்கிறது ஊர். மாமனார் இங்கே இருந்த பிரிட்டிஷ் முகாமில்தான் கூர்க்கா படையில் சேர்ந்தார். ஹாங்காங் வரை போய்விட்டு வந்தார். முகாம் இருந்த இடத்தில் 1993 முதல் பி.பி. கொய்ராலா சுகாதார அறிவியல் நிறுவனம் நடக்கிறது. பழைய பட்டாளத்துக்காரர்கள் இன்று சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போவது, இளவயதில் மார்பளவு கொடுக்க நின்ற அதே வளாகத்துக்குத்தான்.

குக்குரி இல்லாத வீடு இங்கே அரிது. எங்கள் வீட்டில் ஐந்து உண்டு. நான்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவது, மாமனாரின் தாத்தா காலத்தது. போஜ்பூர் மலையில் இருந்த பூர்வீக வீட்டைக் காலி செய்தபோது ஒரு சணல் சாக்கில் சுற்றி வந்து சேர்ந்தது. சாதாரணக் குக்குரியில் கத்திப் பகுதி 10, 12 அங்குலம் இருக்கும். இது 18 அங்குலம். வயிற்றில் 2¾ அங்குல அகலம். முதுகின் கனம் கைப்பிடிக்குப் பக்கத்தில் 3 நூல். எடை ஒன்றேகால் கிலோ. தசைன் பண்டிகையில் கிராமத்துக் கிடாவை ஒரே வெட்டில் சாய்ப்பதற்கென்று அடித்த கத்தி. அதன் பழைய உறையை எலி தின்றுவிட்டது. மிஞ்சியவை இரண்டு மரச் சில்லுகளும் நுனியில் இருந்த பித்தளைப் பூணும்தான்.

நம்மூர் அரிவாளுக்கு உறை என்ற பேச்சே கிடையாது. சாக்கில் சுற்றி எரவாணத்தில் செருகினால் வேலை முடிந்தது. அதனால் இந்தக் கத்தி சாக்கிலேயே கிடந்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, என் ஆறு வயது மகன் ஒருநாள் அதைச் சாக்கோடு திண்ணைவரை இழுத்து வரும்வரை. அன்று ராத்திரியே உறை செய்வதென்று முடிவானது. பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டு உறை, ஒரு விரல் காயம், ஏழு மாதம். அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

முதல் தப்பு, கத்தியைக் கொண்டுபோகாமல் காகிதத்தைக் கொண்டுபோனது. ஒன்றேகால் கிலோ இரும்பை பஸ்ஸில் தூக்கிப் போவானேன் என்று, செய்தித்தாளின்மேல் கத்தியைப் படுக்க வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, உறவுக்காரப் பையன் கையில் வேறொரு பெரிய ஊர்க் கடைக்குக் கொடுத்தனுப்பினோம். அவர்களும் "போதும், போதும்" என்றார்கள். மூன்று வாரத்தில் பளபளவென்று கறுப்பு உறை வந்தது. கத்தியைச் செருகினால், வயிறு வரும் இடத்தில் முக்கால்வாசியில் நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதைப் பிற்பாடு ஒரு கிழவர் எனக்கு விளக்கினார். வாளுக்கும் பட்டாக்கத்திக்கும் இல்லாத தொல்லை இது. குக்குரி கைப்பிடிக்கு அருகில் ஒடுங்கி, நடுவில் வளைந்து, அதன்பின் வயிறு பெருத்து, நுனியில் கூம்புகிறது. எங்கள் கத்தியில் ஒடுங்கிய இடம் 1¾ அங்குலம், பெருத்த இடம் 2¾. இந்தப் பெருத்த வயிறு உறையின் வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே உறையின் வாய் வயிற்றின் அளவுக்கு இருந்தாக வேண்டும். கத்தி முழுதாக உள்ளே போய் அமர்ந்த பிறகு, வாயில் நிற்பது வயிறு அல்ல, ஒடுங்கிய கழுத்து. அங்கே ஓர் அங்குலம் சும்மா இடைவெளி. அப்படியானால் கத்தியைப் பிடித்து நிறுத்துவது எது? அகலத்தில் பிடிமானம் கிடைக்காது, கனத்தில்தான் கிடைக்கும். இரண்டு பலகையும் முதுகின் கனத்தை இருபுறமும் கன்னத்தைக் கிள்ளுவதுபோல் பிடிக்க வேண்டும். அந்தக் கனமோ கழுத்தில் 3 நூல், நுனிக்குப் போகப் போகக் குறைகிறது. காகிதத்தில் கனம் எப்படி வரும்? உள்ளே போகும்போது கத்தி நேராகப் போவதில்லை, ஒரு வில் போட்டுத்தான் போகிறது. அந்த வழியும் வராது. கடைக்காரர்கள் பென்சில் கோட்டை அப்படியே மரத்தில் வெட்டிவிட்டார்கள்.

கடையைத் திட்டிவிட்டு நாங்கள் செய்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். "கொஞ்சம் அழுத்தினா போயிடும்" என்று என் வீட்டுக்காரர் உறையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு கத்தியைத் தள்ளினார். போகவும் செய்தது. உறையின் இரண்டு பலகைகளும் சேரும் இணைப்பு, கத்தியின் கூர் ஓடும் பக்கத்தில் இருக்கிறது. அழுத்தத்தில் ஒட்டு விட்டுக்கொடுத்தது. கூர் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவர் விரல்கள் அங்கேதான் இருந்தன. ஆள்காட்டி விரலில் நான்கு தையல்.

புவா அன்று கோபத்தில் கத்தவில்லை. மறுநாள் காலை எங்கள் இருவரையும் உட்கார வைத்து, ரெக்ரூட் பையன்களுக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்தார். உறையை ஒருபோதும் முழுக் கையால் சுற்றிப் பிடிக்கக் கூடாது. கட்டைவிரலும் மற்ற விரல்களும் இரண்டு தட்டைப் பக்கங்களில் மட்டும், முதுகுப் பக்கமாகவே நிற்க வேண்டும். கூர் ஓடும் ஓரத்தைத் தாண்டி ஒரு விரல்கூட மடங்கக் கூடாது. உருவும்போது கத்தியின் முதுகை உறையின் முதுகோடு சாய்த்து, அதன்மேல் வழுக்கிக்கொண்டே வளைவின் போக்கில் எடுக்க வேண்டும். செருகும்போதும் அதேதான். உறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தப் பழக்கம் வேண்டும். இதை நான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது முறை, கத்தியைச் சாக்கில் சுற்றி நானே தூக்கிக்கொண்டு போனேன். பழைய பஜாரின் பின்புறத்தில் ஒரு பட்டறை. அங்கே தகப்பனும் மகனும் தோல்வேலை. நேபாளத்தில் குக்குரி ஒருவர் கைப்பொருள் அல்ல. இரும்பை அடிப்பவர் காமி. பெரும்பாலும் லாரியின் வில்லுப்பட்டையை வெட்டிக் காய்ச்சி அடிக்கிறார்கள். கடைசியில் கெட்டிலிலிருந்து கூரின்மேல் மட்டும் தண்ணீரை ஊற்றிக் கூரை முறுக்கேற்றி, முதுகை மிருதுவாக விட்டுவிடுகிறார்கள். உறைக்குத் தோல் போர்த்துபவர் சார்கி. வெள்ளி வேலை சுனாருடையது. மலைக் கிராமங்களில் இவர்களுக்குக் காசு கொடுக்கும் வழக்கம் பழைய காலத்தில் இல்லை. ஆண்டு முழுதும் செய்த வேலைக்கு அறுவடையில் தானியம் அளப்பார்கள். கத்தியைக் கும்பிட்டுவிட்டு, அதைச் செய்தவரை வாசலிலேயே நிறுத்திய காலம் அது. 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தீண்டாமை நீக்கப்பட்டது. 2011-ல் அதற்கெனத் தண்டனைச் சட்டமே வந்தது. ஆனாலும் எங்கள் வீட்டிலேயே, உறை செய்தவர் கூடத்தில் அமர்ந்து டீ குடித்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கிழவி முகம் சுளித்தது என் கண்ணில் பட்டது. எந்த ஊரில்தான் இல்லை.

பட்டறைத் தகப்பனை எப்படிக் கூப்பிடுவது என்பதில் எனக்கு ஒரு சங்கடம். நேபாளியில் அண்ணனுக்கு 'தாய்'. நரைத்த மீசையோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத் தாயே என்று கூப்பிட இந்த 17 ஆண்டிலும் எனக்கு நாக்குக் கூசுகிறது. கூப்பிட்டேன். "சொல்லு பைனி" என்றார். பைனி என்றால் தங்கை.

கத்தியைக் கையில் வாங்கியதும் அவர் பார்த்தது கூரை அல்ல, துருவை. "இதை இப்படியே அளந்து உறை செஞ்சா, நீ அப்புறம் துருவைத் தேய்ச்சு எடுப்பே. உறை தொளதொளன்னு ஆயிடும். முதல்ல காமிகிட்ட போ. துரு எடு, சாணை பிடி, கைப்பிடி ஆடுது பாரு, அதைக் கெட்டி பண்ணு. எல்லாம் முடிச்சுட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நியாயம்தான். கைப்பிடி ஆடும் கத்திக்கு அளவெடுத்தால், பிறகு கைப்பிடியைச் சரிசெய்யும்போது கழுத்தின் இடமே மாறிவிடும். கத்தியின் வேலை முழுதும் முடிந்த பிறகுதான் உறையின் வேலை தொடங்க வேண்டும். எனக்கு இதில் ஒன்றரை மாதம் போனது.

இன்னொன்று, தசைனுக்கு முந்தைய மாதத்தில் போகாதீர்கள். புரட்டாசி, ஐப்பசியில் வரும் அந்தப் பண்டிகைக்கு ஊரே கத்தியைச் சாணை பிடிக்கவும் வார் மாற்றவும் கொண்டுவந்து குவிக்கும். பெரிய வேலையை அந்தக் கூட்டத்தில் நுழைத்தால் அவசரத்தில் ஒட்டிக் கொடுப்பார்கள். மழைக்காலமும் வேண்டாம், மரமும் தோலும் ஈரம் குடித்திருக்கும். நான் கார்த்திகையில் கொடுத்தேன்.

மரவேலையை அவர் மகன் செய்தார். இரண்டு பலகை, 'உத்திஸ்' என்ற மலைமரம். லேசானது, நார் முறுக்கு இல்லாதது. எத்தனை நாள் காய்ந்தது என்று கேட்டேன். "போன வருஷத்துது" என்று வாசலில் இருந்த அடுக்கைக் காட்டினார். இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பச்சை மரம் உள்ளேயே சுருங்கிக் கத்தியைக் கவ்விக்கொள்ளும். அதன் ஈரம் துருவையும் கூட்டி வரும்.

அந்தப் பையன் அளவு சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. அங்குலத்தை எட்டாகப் பிரித்துச் சொன்னார். நம் தச்சர்களும் கொத்தனார்களும் அரைக்கால் அங்குலத்தை ஒரு நூல் என்பார்களே, அதேதான். அவர் சொன்ன சொல்லுக்கும் நூல் என்றுதான் பொருள். அதன்பின் எங்களுக்குள் மொழிப் பிரச்சினை வரவில்லை.

பலகையின்மேல் கத்தியை வைத்து வரைந்தார், ஆனால் அந்தக் கோட்டின்படி வெட்டவில்லை. கோட்டுக்கு உள்ளே சின்ன உளியால் கொஞ்சமாகக் குடைந்தார். பிறகு ஒரு மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்திக் கத்தியின் இரண்டு பக்கத்தையும் புகையில் காட்டினார். கத்தி கறுத்தது. அதை இரண்டு பலகைகளுக்கும் நடுவில் வைத்துக் கயிற்றால் கட்டி, ஒருமுறை செருகி, ஒருமுறை உருவினார். கட்டை அவிழ்த்தால், வெள்ளை மரத்தில் எங்கெங்கே கத்தி உரசியதோ அங்கெல்லாம் கரி. கரி பட்ட இடத்தை மட்டும் சீவினார். மறுபடி புகை, மறுபடி கட்டு, மறுபடி உருவல். நான் பார்த்த வரையில் பதினோரு முறை. முதுகு படும் தடத்தில் கரி சீராக, நூல் பிடித்ததுபோல் விழுந்தது. கூர் ஓடும் பக்கத்தில் கரியே இருக்கக் கூடாது என்றார். கூர் மரத்தைத் தொட்டால் ஒவ்வோர் உருவலிலும் கூர் மழுங்கும். மரமும் அறுந்துகொண்டே வந்து ஒருநாள் தோலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். என் வீட்டுக்காரரின் விரலை நினைத்துக்கொண்டேன்.

கைப்பிடிக்குக் கீழே கூரில் ஒரு சிறு வெட்டு இருக்குமே, கௌடி என்பார்கள். பசுவின் குளம்பு என்கிறார்கள், திரிசூலம் என்கிறார்கள், ரத்தம் வழிந்து கைக்கு வராமல் தடுக்கத்தான் என்கிறார்கள். அது எதற்கென்று சண்டை போடுபவர்கள் போடட்டும். உறை செய்பவருக்கு அது ஒரு கொக்கி. வாயோரத்துத் தோலில் மாட்டி இழுக்கும். அதனால் வாயின் அந்தப் பக்கத்து விளிம்பை மட்டும் உட்புறமாகச் சரிவு கொடுத்துச் சீவினார். நான் கேட்காமலே செய்தது இது. கத்தி கையில் இல்லாத ஒருவருக்கு இது தோன்றியிருக்காது.

பலகைகளை ஃபெவிகால் போட்டு ஒட்டிச் சுற்றிக் கயிறு கட்டினார். நுனி அடியைத் தொடாமல் 2 நூல் இடைவெளி விட்டிருந்தார். கத்தி, கைப்பிடியின் பூண் உறையின் வாயில் அமர்ந்து நிற்க வேண்டும். நுனியில் ஊன்றி நிற்கக் கூடாது. அலட்சியமாகத் தூக்கிப் போட்டால் நுனி அடிமரத்தைப் பிளந்துவிடும்.

தோல் தந்தையின் வேலை. எருமைத் தோல். போர்த்துகிற தோல் மூன்று அஞ்சலட்டை சேர்த்த கனம்; இடுப்பு வாருக்கு அதைப்போல் மூன்று மடங்கு. கடைகளில் ரெக்சினைக் காட்டித் தோல் என்பார்கள். வெட்டிய ஓரத்தை நகத்தால் பிரித்துப் பாருங்கள்: தோலில் நார் நாராக எழும்பும், ரெக்சினில் துணி தெரியும். இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய தோலை எடுத்து, ஓரங்களைச் சீவி மெலிதாக்கி, மரத்தின்மேல் ஈரத் துணிபோல் இழுத்துப் போர்த்தினார். அதற்கு முன்பே மரத்தின்மேல் சணல் நூலைக் குறுக்காக ஒட்டி வைத்திருந்தார். தோல் அதன்மேல் படிந்து காய்ந்ததும் அந்த நூல்கள் வரிவரியாக மேடு தட்டும், அதுதான் அலங்காரம். தையல் பின்பக்கத்தின் நடுவில். குத்தூசியால் துளை, தேன்மெழுகு தடவிய நூல், இரண்டு ஊசி எதிரெதிரே. ஒரு தையல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். 20 அங்குல உறைக்கு ஒரு பகல் முழுக்கத் தைத்தார். வாய்ப்பக்கம் சுருங்காமல் இருக்க எண்ணெய் தடவிய ஒரு மரக்கட்டையைச் செருகி நிழலில் ஐந்து நாள் காயவிட்டார். கத்தியைச் செருகி வைக்கவில்லை. ஈரத்தோலோடு விட்டால் ஒரே ராத்திரியில் துரு பூக்கும்.

பின்பக்கத்துப் பைகள் இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றில் கர்தா, கூருள்ள குட்டிக் கத்தி. காய் நறுக்க, தோல் உரிக்க. மற்றதில் சக்மக், அதற்குக் கூர் கிடையாது. பெரிய கத்தியின் கூர் மடங்கினால் அதில் தீட்டி நிமிர்த்தலாம், கல்லில் அடித்து நெருப்பு எடுக்கலாம். நம் சக்கிமுக்கிக் கல்லில் இருப்பதும் இதே சொல்தான். எங்களிடம் கர்தா மட்டும் மிஞ்சியிருந்தது. சக்மக்கைக் காமியிடம் புதிதாக அடிக்கச் சொல்லி, அதையும் உறைவேலை தொடங்குமுன் கொடுக்க வேண்டியிருந்தது. உறை செய்பவர் கத்தி அடிப்பார் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பைகள் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலக்கைக்காரர் வாரில் மாட்டினால் உடம்பை ஒட்டி வரும் பக்கம் ஒன்று, இடக்கைக்காரருக்கு வேறொன்று. பழைய நாளில் வாரே கிடையாது. இடுப்பில் சுற்றிய பட்டுகாத் துணியில் முன்பக்கம் சாய்வாகச் செருகிக்கொண்டு மலை ஏறினார்கள். வார் பட்டாளத்தோடு வந்த பழக்கம்.

இங்கே என் இரண்டாவது முட்டாள்தனத்தையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் குழந்தை இருக்கிறது, கைப்பிடியைச் சுற்றி ஒரு பட்டி போட்டு பட்டன் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். "வேண்டாம் பைனி, யாரும் போடறதில்லை" என்றார் தாய். நான் விடவில்லை. போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மூன்றாம் முறை உருவும்போது பட்டி கூரின் வழியில் விழுந்து இரண்டாக அறுந்தது. வயிறு வெளியே வரும்போது கூர் எங்கே ஓடுகிறதோ, அங்கேதான் பட்டியும் தொங்கும், வேறு வழியில்லை. ஆறு வயதுப் பையனைத் தடுப்பது பட்டன் அல்ல, பீரோச் சாவி.

ஓரகத்திக்கு வெள்ளி ஆசை. கோதிமோரா என்று ஒரு வகை உண்டு. உறை முழுக்க வெள்ளிச் சித்திர வேலை, பரிசளிப்பதற்கும் அதிகாரிகள் விடைபெறும்போது கொடுப்பதற்கும் செய்வது. பார்க்கக் கண் கூசும். கிடா வெட்டிய கத்திக்கு அது பட்டுப்பாவாடை கட்டுவதுபோல் இருக்கும் என்பது என் கட்சி. புவாவும் என் பக்கம் சேர்ந்தார். எலி விட்டுவைத்த பழைய பித்தளைப் பூணையே தட்டி நிமிர்த்தி, புது உறையின் நுனியில் மாட்டச் சொன்னோம். பழைய உறையில் எது மிஞ்சியிருந்தாலும் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள்.

கூலி நேபாள ரூபாய் 4,000. இந்தியக் காசில் 2,500. நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற கணக்கு 1993-லிருந்து மாறவில்லை. பாதியை முன்பணமாகக் கொடுத்தேன், பேரம் பேசவில்லை. முதல் கடையில் இதைவிட அதிகம் கொடுத்திருந்தோம் என்பதை வீட்டுக்காரரிடம் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை, விரல் நினைவூட்டிக்கொண்டிருந்தது.

வாங்குமுன் அங்கேயே சோதித்துவிடுங்கள். கத்தியைச் செருகிக் காதருகே ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரக் கூடாது. மெதுவாக உருவினால் கத்தியோடு மரத்தூள் வரக் கூடாது. வந்தால் கூர் எங்கோ மரத்தைச் சீவுகிறது. இணைப்பு ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தலைகீழாகப் பிடித்து, கத்தி விழுகிறதா என்று மட்டும் விளையாட வேண்டாம். இந்த எடைக்கு விழத்தான் செய்யும். அதைத் தடுக்கும் அளவுக்கு இறுக்கினால் பிறகு உருவ முடியாது.

ஊரில் என் தம்பி போனில் கேட்டான்: "அக்கா, உருவினா ரத்தம் பார்க்காம உள்ளே வைக்கக் கூடாதாமே?" புவாவிடம் மொழிபெயர்த்தேன். "நேத்து பூசணிக்காய் வெட்டினேன். அதுக்கு ரத்தம் உண்டா?" என்றார். தனக்கு ஒரு குக்குரி வாங்கி வரச் சொன்ன அதே தம்பிக்கு இன்னொன்றும் சொன்னேன். விமானத்தில் கைப்பையில் கொண்டுவர முடியாது. இந்தியாவின் 1962-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில், 9 அங்குல நீளத்துக்கோ 2 அங்குல அகலத்துக்கோ மேற்பட்ட கத்திகளின் வரிசையில் குக்குரியின் பெயர் சொல்லியே இருந்தது. வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கான கருவிகளுக்குத்தான் விலக்கு. எங்கள் கத்தி எந்தக் கணக்கில் சேரும் என்று எல்லையில் நின்று வாதாட எனக்குத் தெம்பில்லை. அது தரானிலேயே இருக்கிறது.

அடுத்த தசைனில், நவமியன்று, வீட்டுக் கத்திகளோடு மோட்டார் சைக்கிளையும் தையல் மிஷினையும் கழுவிப் பொட்டு வைத்துச் செவ்வந்தி சாத்தினோம். எங்கள் ஆயுத பூஜையும் அதே திதி என்பதால் எனக்கு இங்கே அந்நியமாகத் தோன்றாத ஒரே நாள் அது. புவா புது உறையிலிருந்து தாத்தாவின் கத்தியை உருவினார். முதுகு மரத்தில் வழுக்கிக்கொண்டு வந்த சத்தம் கேட்டது, மரத்தூள் வரவில்லை. கும்பிட்டு முடிந்ததும் துணியால் துடைத்தார்.

அன்றைக்குச் செருகி மாட்டுவார் என்று காத்திருந்தேன். "தோல் உறைக்குள்ள கத்தியை நாள்கணக்கா வைக்காதே. பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும், துரு பிடிக்கும்" என்றார். கத்திக்கு இங்கே பலர் கடுகெண்ணெய் தடவுகிறார்கள்; அது நாளடைவில் பிசுபிசுத்துப் போவதால் நாங்கள் தையல் மிஷின் எண்ணெய்க்கு மாறிவிட்டோம். உறைக்கு எண்ணெய் வேண்டாம், தோல் ஊறி இளகிவிடும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பூட் பாலிஷ் போதும்.

ஏழு மாதம் அலைந்து செய்த உறை இப்போது கூடத்துச் சுவரில் வெறுமையாகத் தொங்குகிறது. கத்தி, பழைய வேட்டித் துணியில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது.